முதலாம் வருட மானிடவியல்: வாகரைக்கு முன் உங்கள் வளவு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேட்டவர் களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். கலைப்பீடத்தில் முதலாம் வருடம். பண்பாட்டு மானிடவியல் அறிமுகப் பாடம் எடுத்திருக்கிறார். கையேடு முழுக்க ட்ரோப்ரியண்ட் தீவு, நூவர், அசாண்டே என்று ஒருநாளும் கேள்விப்படாத பெயர்கள். வரைவிலக்கணங்களைப் பாடமாக்கியும் மனதில் நிற்கவில்லை. போதாததற்கு 'ஒரு பண்பாட்டைத் தெரிவுசெய்து எழுதுக' என்று ஒப்படையும் வந்துவிட்டது. "எங்கட ஊர் சாதாரண ஊர், எழுத ஒன்றுமில்லை. வாகரைக்குப் போய் வேடர்களைப் பார்த்து எழுதலாமா?" என்று கேட்கிறார். ஆங்கில நூல்களை வாசிப்பது பற்றியும் கேட்டிருக்கிறார்.

போகவேண்டாம் தங்கச்சி. இந்த ஒப்படைக்காகப் போகவேண்டாம். உங்கள் அம்மம்மாவின் வளவில் தொடங்குங்கள். கையேட்டில் உள்ள அதிகாரங்களில் பாதிக்கு மேல் அந்த வேலிக்குள்ளேயே இருக்கிறது. நான் இந்தப் பாடத்தைப் படித்து, பிறகு கற்பித்தும் வருகிறேன். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கண்டு பயப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் மானிடவியலாளர்கள் தேடி வந்த கரை இது. நாங்கள் மட்டும் இங்கே ஒன்றுமில்லை என்கிறோம்.

இலங்கையின் பூர்வகுடிகளான வேடரைப் பார்த்தால்தான் மானிடவியல் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையைத் தொடங்கியவர்கள் மனித சமூகங்களை ஏணிப்படியில் நிறுத்திப் பார்த்தார்கள். அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மோர்கன் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மூன்று படி வைத்தார். கீழ்ப்படியில் இருப்பவர்களைப் பார்த்தால் எங்கள் பழைய காலம் தெரியும் என்பது அவர்களின் கணக்கு. சார்ள்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் இலங்கை வேடர் பற்றி 1911இல் புத்தகம் போட்டபோதும் 'கலப்பில்லாத' வேடரைத் தேடும் ஆசை அவர்களிடம் இருந்தது. அதே புத்தகத்தில் கிழக்குக் கரையின் கடலோர வேடரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அப்போதே தமிழ் பேசினார்கள், மீன் பிடித்தார்கள். இன்று வாகரைப் பக்கம் போனாலும் நீங்கள் காணப்போவது வாழ்க்கைச் செலவைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் உங்களைப்போலவே கவலைப்படும் மனிதர்களைத்தான். 'பழைய ஆட்களைப் பார்த்து எழுதுவோம்' என்று பஸ் ஏறினால், நீங்கள் எழுதப்போவது மானிடவியல் நூறு வருடத்துக்கு முன்னே கைவிட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த ஏணியைத் தள்ளி விழுத்தியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்தவர். 1883இல் கனடாவின் வடக்கே பாஃபின் தீவில் இனுவிட் மக்களோடு தங்கினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட் இருவரும் அவருடைய மாணவிகள். ஒவ்வொரு பண்பாட்டையும் அதனுடைய வரலாற்றுக்குள் வைத்துப் பார், உன் அளவுகோலால் அளக்காதே என்பது அவர் வழி. கையேட்டில் 'பண்பாட்டுச் சார்பியல்' என்று வருவதன் வேர் இதுதான். பரீட்சைக்கு, பண்பாடு என்றால் என்ன என்று ஆங்கிலேயரான டைலர் 1871இல் தந்த வரைவிலக்கணத்தைக் கட்டாயம் கேட்பார்கள், பாடமாக்குங்கள். ஆனால் அந்த நீண்ட வசனத்தில் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம் என்று வரும் பட்டியலைவிட முக்கியமானது அதன் கடைசித் துண்டு. சமூகத்தின் ஓர் உறுப்பினராக மனிதர் 'பெற்றுக்கொண்டவை' என்கிறார். பிறப்போடு வந்ததல்ல, இரத்தத்தில் ஓடுவதல்ல, கற்றுக்கொண்டது. இந்த ஒன்று விளங்கினால் முதலாவது அதிகாரம் முடிந்த மாதிரி.

சரி, இனி வளவுக்கு வருவோம். உறவுமுறை அதிகாரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். ஆங்கிலப் புத்தகம் 'கிராஸ் கசின்', 'பெரலல் கசின்' என்று இரண்டு வகையைப் பிரித்து ஒரு பக்கத்துக்கு விளக்கும். ஆங்கிலம் பேசுபவனுக்கு அது தேவை, அவனுக்கு எல்லாரும் கசின். உங்களுக்கு ஐந்து வயதிலேயே தெரிந்த விஷயம் அது. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. மாமா பிள்ளைகளும் மாமி பிள்ளைகளும் மச்சான், மச்சாள். அம்மாவின் சகோதரி அல்லது அப்பாவின் சகோதரன் என்று ஒரே பாலினத்தவர் வழி என்றால் உடன்பிறப்பு. பால் மாறினால், அதாவது அம்மாவின் சகோதரன் அல்லது அப்பாவின் சகோதரி வழி என்றால், கலியாணம் செய்யக்கூடிய முறை. அவ்வளவுதான்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஏணி வைத்த அதே மோர்கன், நியூயோர்க் மாநிலத்தில் செனெக்கா மக்களின் உறவுப்பெயர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவர்களிடமும் அப்பாவின் சகோதரன் அப்பாதான், அம்மாவின் சகோதரி அம்மாதான். பிறகு தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க மிஷனரிகளிடம் எழுதிக் கேட்டுத் தமிழ், தெலுங்கு உறவுப்பெயர்களை எடுத்தார். இரண்டும் இவ்வளவு ஒத்துப்போவதைக் கண்டு திகைத்துப்போனார். 1871இல் வந்த அவருடைய பெரிய நூலில் தமிழ் உறவுமுறை நடு இடத்தில் நிற்கிறது. அதை வைத்து அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து போனதற்கு இதுவே ஆதாரம் என்று அவர் போட்ட முடிச்சு நிற்கவில்லை. இரண்டு முறைகளுக்கும் உள்ளே வித்தியாசமும் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் உறவுமுறை ஆய்வு என்ற துறையே தொடங்கிய இடத்தில் மாமாவும் மச்சானும் இருந்தார்கள். உங்களுக்கு அந்நியமான பாடமா இது?

இப்போது ஒரு கொப்பியை எடுங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்குச் சமன் குறி, பிள்ளைகளுக்குக் கீழே கோடு. அம்மம்மாவிலிருந்து தொடங்கி மூன்று தலைமுறை கீறுங்கள். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. கீறி முடித்ததும், ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் அவர் கலியாணத்துக்குப் பிறகு எந்த வீட்டில் இருந்தார், அந்த வீடு யாருடையது என்று எழுதுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே கோலம்தான் வரும். அம்மம்மாவின் வீடு மூத்த மகளுக்குச் சீதனம். அவளுக்குக் கலியாணம் முடிந்து சில காலத்தில் தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவின் மறுபக்கத்தில் கட்டிய வீட்டுக்குப் போவார்கள். அது அடுத்த மகளுக்கு. கடைசி மகளோடு கிழவனும் கிழவியும் தங்கிவிடுவார்கள். இருபது முப்பது வருடம் போனபின் பார்த்தால் ஒரு வளவு நாலு துண்டு, நாலு கடப்படி, நாலு வீட்டிலும் சகோதரிகள். அங்கே இருக்கும் ஆண்கள் எல்லாரும் வேறு இடத்திலிருந்து வந்த மருமக்கள். அந்த வளவில் பிறந்த ஆண்கள் வேறு வளவுகளில் மருமக்களாக இருப்பார்கள். ஒரு சின்னப்பிள்ளை பசித்தால் எந்தக் குசினிக்குள்ளும் போகலாம், எல்லாம் அம்மாமார்தான்.

இதைத்தான் கையேடு 'தாயக வதிவிடம்' என்கிறது. நீங்கள் இதை 'சாதாரணம்' என்று சொன்னீர்கள். யாழ்ப்பாணத்திலும் சீதனம் பெண்ணுக்குத்தான். ஆனால் இவ்வளவு இறுக்கமாக வீடு பெண்வழியே போவதும், அதோடு குடி என்ற தாய்வழிக் குலமும் சேர்ந்து வருவதும் எங்கள் கரையின் தனித்தன்மை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி என்று கேட்டிருப்பீர்கள். அம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. அப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை, அதுதான் 'புறமணம்'.

இங்கே ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள், பாடம் நன்றாக இறங்கும். பெரியம்மா மகளை ஒருவன் ஏன் கட்டமுடியாது? இரண்டு காரணம்: ஒரே குடி, அதோடு முறையில் சகோதரி. சித்தப்பா மகளை? அவளுடைய குடி அவளுடைய அம்மாவின் குடி, அது அவனுடையதாக இருக்கவேண்டும் என்றில்லை. குடி தடுக்காது. ஆனாலும் அவள் தங்கச்சிதான், முறை தடுக்கிறது. ஆகவே குடியும் உறவுமுறையும் இரண்டு தனித்தனி விதிகள். ஒன்று இன்னொன்றிலிருந்து பிறந்ததல்ல. இதைச் சொந்த உதாரணத்தோடு விடைத்தாளில் எழுதினால் விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார்.

இன்னும் ஒரு படி போகலாம். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இந்தத் தாய்வழிக் குடி உண்டு. வீடும் மகளுக்குத்தான். பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மாரைக் குடிவாரியாக வைக்கும் வழக்கமும் இருந்தது. ஷரீஅத் சாச்சா (சித்தப்பா) மகளைக் கலியாணம் செய்வதைத் தடுக்கவில்லை. அரபு நாடுகளில் அது விரும்பிச் செய்யும் கலியாணமும்கூட. எங்கள் கரையில் அது முறையல்ல என்று தவிர்ப்பதே வழக்கம். 'தமிழர் பண்பாடு', 'முஸ்லிம் பண்பாடு' என்று சமயத்தை வைத்து இரண்டு பெட்டி செய்தால் இந்த உண்மை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. கலியாண வீட்டில் குரவை போடுவதும் இரண்டு பக்கமும் உண்டு. இவ்வளவு சண்டையும் சந்தேகமும் பட்ட இரண்டு சமூகங்களின் வீட்டு அமைப்பு ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்பது நல்ல மானிடவியல் கேள்வி. அமெரிக்கரான டெனிஸ் மக்கில்வ்ரே 1969இலிருந்து 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்தது இதைத்தான். போருக்கு முன்னும் போர்க்காலத்திலுமாகப் பலமுறை திரும்பி வந்து, 2008இல்தான் பெரிய நூலாக்கினார். அவருக்கு முன்பே நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையின் தாய்வழித் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார். மண்டூர் முருகன் கோயிலைப் பற்றி மார்க் விட்டேக்கர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார், 1999இல் வந்தது. மண்டூருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் வாவிதான்.

இப்போது ட்ரோப்ரியண்டைத் திறந்து பாருங்கள், அந்நியமாக இராது. பாப்புவா நியூகினிக்குப் பக்கத்துத் தீவுக்கூட்டம். போலந்துக்காரரான மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் அங்கே இரண்டு தடவை நீண்டகாலம் இருந்தார். அங்கேயும் பிள்ளை தாயின் குலம். ஆனால் பெண் கணவனின் இடத்துக்குப் போகிறாள், பையன் வளர்ந்தபின் தாய்மாமனின் ஊருக்குத் திரும்புகிறான். பையனைக் கண்டிப்பவர் தாய்மாமன், அப்பா செல்லம் கொடுப்பவர். தகப்பன்மீது மகனுக்கு வரும் வெறுப்பு உலகப் பொது என்று உளப்பகுப்பாய்வாளர் பிராய்ட் சொன்னதை மலினோவ்ஸ்கி இதை வைத்துத்தான் கேள்வி கேட்டார். எங்களிடம் தாய்வழி உண்டு, ஆனால் பெண் அசைவதில்லை, ஆண்தான் அசைகிறான். தாய்மாமன் தன் மனைவியின் வளவில் இருக்கிறார். அப்படியென்றால் அவருடைய அதிகாரம் எங்கே? கோயிலில் பாருங்கள். பிரதேசம் முழுவதற்கும் பொதுவான பழைய தேசத்துக் கோயில்களில் வண்ணக்கர் என்ற நிர்வாகப் பொறுப்பு தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போகும் வழக்கம் உண்டு. குடிகளின் பெயரை வரிசைப்படி கூப்பிட்டு மரியாதைப் பிரசாதமான காளாஞ்சி கொடுக்கும்போது முன்னே போய் வாங்குவது ஆண்.

இதனால்தான் 'தாய்வழி' வேறு, 'பெண்ணாட்சி' வேறு என்று புத்தகம் திரும்பத்திரும்பச் சொல்கிறது. வீடு அவளுடைய பெயரில், ஆனால் கோயில் சபையில் அவளுக்கு இடமில்லை. வீடு அவளுடையது என்பதால் கணவன் அடித்துத் துரத்த முடியாது, கோபித்துக்கொண்டால் அவன்தான் தன் தாயின் வீட்டுக்குப் போகவேண்டும். அது சின்ன விஷயமல்ல. அதேநேரம் அந்த வீட்டைக் கட்ட அண்ணன்மாரும் தம்பிமாரும் கட்டார், சவூதி என்று போய் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். மூன்று பெண்பிள்ளை உள்ள வீட்டில் ஆண்பிள்ளையின் கலியாணம் தள்ளித்தள்ளிப் போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சீதன வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பா, குடும்பத்துக்குச் சுமையா என்று கேட்டால், இரண்டும்தான் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். சார்பியல் என்றால் எல்லாவற்றையும் சரி என்று தலையாட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தீர்ப்பைக் கொஞ்சம் பிந்திச் சொல் என்பதுதான்.

சட்டத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் விட்டுவிடுவார்கள். மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்று ஒன்று வழக்கில் இருந்தது. அதன்படி ஓர் ஆணின் முதுசொத்து அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அது செல்லுபடியாகாமல் போயிற்று. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்கு, எங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே மட்டக்களப்புத் தமிழர் நாட்டின் பொதுச் சட்டத்துக்குள் வந்தார்கள். சட்டம் போனது, தாய்வழி போகவில்லை. உயிரோடு இருக்கும்போதே தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழியில் அது தொடர்ந்தது. இன்னொரு பக்கம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு வாரிசு யார் என்ற அதன் அட்டவணையில் நீண்டகாலம் மகனுக்குத்தான் முதலிடம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்றார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்குத் தூரத்தில் புது வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர்தான் விழுந்தது. அலை கொண்டுபோன வீடு அவளுடைய சீதனம், திரும்பக் கிடைத்த வீடு அவனுடைய பெயரில். ஒரு படிவத்தின் ஒரு கட்டம் எத்தனையோ தலைமுறை வழக்கத்தைத் திருப்பிவிடும். 'அரசும் பண்பாடும்' என்று கையேட்டில் ஓர் அதிகாரம் இருந்தால் அதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் காணவில்லை.

அடுத்தது களப்பணி. மலினோவ்ஸ்கியின் பெயர் நிலைத்தது அவர் 1922இல் எழுதிய நூலின் முன்னுரையில் 'பங்குபற்றும் அவதானம்' எப்படிச் செய்வது என்று வகுத்ததால். அவர் களத்தில் எழுதிய நாட்குறிப்பு 1967இல் அச்சில் வந்தபோது, தீவு மக்களைப் பற்றி அவர் எரிந்து விழுந்திருப்பதைக் கண்டு துறையே அதிர்ந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

உங்களுக்குள்ள சிக்கல் அவருடையதற்கு நேர்மாறு. அவருக்கு எல்லாம் புதிது. உங்களுக்கு எல்லாம் பழகியது, அதனால் கண்ணில் படாது. கண்ணகி அம்மன் கோயில் வருடச் சடங்கான குளிர்த்திக்குப் போய்வந்து எழுதச் சொன்னால் முதல் தடவை எல்லாரும் எழுதுவது இப்படி: 'வைகாசி மாதம் கதவு திறந்து சடங்கு நடைபெறும். மக்கள் பக்தியுடன் கலந்துகொள்வர். இறுதியில் குளிர்த்தி பாடப்படும்.' இதில் பிழை இல்லை, ஆனால் ஒன்றும் இல்லை. கலண்டரைப் பார்த்தே எழுதியிருக்கலாம். திரும்பப் போங்கள். கதவு திறக்கும்போது பூசை செய்யும் கப்புகனாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எந்தக் குடியைச் சேர்ந்தவர்கள்? பெண்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள், மழை வந்தால் அந்த ஒழுங்கு கலைகிறதா? கலியாணக்கால் நடும்போது ஆர் தொட்டார்கள், ஆர் தொடவில்லை? கண்ணகி கதைப் பாட்டான வழக்குரை படிப்பவர் ஏட்டைப் பார்க்கிறாரா, மனப்பாடமா? எந்த இடத்தில் கிழவிகள் அழுதார்கள், அந்த நேரம் பெடியன்கள் போனில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒரு தெய்வக்காரர் ஆடத் தொடங்கியபோது முதலில் திரும்பிப் பார்த்தது யார், தண்ணீர் கொண்டு ஓடியது யார்? இதையெல்லாம் அன்றிரவே எழுதிவிடவேண்டும். அடுத்தநாள் என்றால் மறந்துவிடும், மறந்த இடத்தை மனம் தானாகவே 'பக்தியுடன்' என்று நிரப்பிவிடும். கிளிபர்ட் கீர்ட்ஸ் 1973இல் 'செறிவான விவரிப்பு' என்று சொன்னது இந்த வேலையைத்தான். கண் துடிப்பதும் கண் அடிப்பதும் வெளியே ஒன்றுபோல இருக்கும். எது எது என்று தெரிய அந்த இடத்து ஆட்களின் அர்த்தம் தெரிந்திருக்கவேண்டும்.

அதே கண்ணகி சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வம். எங்கள் கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து இழுப்பதுபோல அவர்களிடம் அங்கெலிய என்று ஒன்று உண்டு. கணநாத் ஒபயசேகர 1984இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலில் அது விரிவாக வருகிறது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள், முதலாம் வருடத்துக்கு அது பாரம்.

சடங்கு அதிகாரத்தில் வன் ஜெனப் 1909இல் சொன்ன மூன்று கட்டம், பிரித்தல், இடைநிலை, மீளச் சேர்த்தல், கேட்பார்கள். உங்கள் சொந்தச் சாமத்தியச் சடங்கை நினைத்துப் பாருங்கள். மூலையில் இருத்தி வைத்தது, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தது, ஆண்களின் முகத்தில் விழிக்கவேண்டாம் என்றது, பிறகு தண்ணீர் வார்த்துச் சேலை உடுத்திச் சபைக்குக் கொண்டுவந்தது. மூன்று கட்டமும் வரிசையாக வந்துவிடும். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

அசாண்டேயை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எவன்ஸ்-பிரிச்சார்ட் 1937இல் எழுதியது. தென்சூடான் பக்கம். தானியக் களஞ்சியத்தின் கால்களைக் கறையான் அரித்து அது விழுகிறது, கீழே நிழலுக்கு இருந்தவர்கள் அடிபடுகிறார்கள். கறையான் அரித்தது அசாண்டே மக்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது, ஏன் அந்த ஆட்கள் இருந்த அந்த நேரத்தில் அது விழுந்தது என்று. அதற்குத்தான் சூனியம் பதில். ஆகவே சூனிய நம்பிக்கை 'அறியாமை' அல்ல, வேறொரு கேள்விக்கான விடை. எங்கள் ஊரில் மோட்டர் சைக்கிளில் போன பெடியன் விழுந்து செத்தால் வேகமாகப் போனான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறமும் தாய் சாத்திரக்காரரிடம் போவாள். அவள் கேட்கப் போவது வேகத்தைப் பற்றி அல்ல.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 1990களில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் போனதைப் பற்றிப் பற்றீசியா லோரன்ஸ் ஆராய்ந்திருக்கிறார். வெளியில் வாய் திறக்கமுடியாத காலத்தில் அந்தக் கோயில்கள்தான் துயரத்தைச் சொல்லக்கூடிய இடமாக இருந்தன. வாசியுங்கள். ஆனால் முதலாம் வருட ஒப்படைக்காகக் கொப்பியோடு போய் ஒரு தாயிடம் 'உங்கள் மகன் எப்போது காணாமல் போனார்' என்று கேட்காதீர்கள். சம்மதம் என்பது தாளில் கையெழுத்து வாங்குவது மட்டுமல்ல. ஊர்ப்பிள்ளை கேட்டால் மறுக்கமுடியாமல் சொல்வார்கள். நீங்கள் புள்ளி வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள், அவர் அன்றிரவு தூங்கமாட்டார். சாதி பற்றிய கேள்வியிலும் இதே கவனம் வேண்டும். ஒப்படையில் ஆட்களின் உண்மைப் பெயரைப் போடவேண்டாம், சொந்த அம்மம்மாவாக இருந்தாலும் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

குடிகளைப் பற்றி எழுதும்போது பலர் மட்டக்களப்பு மான்மியம் என்ற மரபுவழி வரலாற்றுக் கதைநூலை எடுத்து அப்படியே வரலாறாக எழுதிவிடுகிறார்கள். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த நூல் அது. எந்த மன்னன் எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை கொடுத்தான் என்று நிறைய வரும். அது நடந்ததா இல்லையா என்று மல்லுக்கட்டினால் நீங்கள் வரலாற்றுத் துறைக்குள் போய்விடுவீர்கள். மலினோவ்ஸ்கி தொன்மத்தை ஓர் உரிமைப் பத்திரம் என்றார். இன்றைக்கு உள்ள உரிமைக்குப் பழைய கதை ஆதாரம் கொடுக்கிறது. அந்தக் கண்ணோடு வாசித்தால், எந்தக் குடி எந்தப் பந்தியை மேற்கோள் காட்டுகிறது, எந்தக் குடி வேறு கதை சொல்கிறது என்பதே உங்கள் தரவு. இரண்டு கிழவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்பவேண்டாம், சந்தோஷப்படுங்கள்.

ஆங்கிலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மக்கில்வ்ரேயை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஒரு கிழமையில் மூடிவைத்துவிடுவீர்கள். குடி, கலியாணம், சீதனம் பற்றிய அதிகாரங்களை மட்டும் எடுங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்ததால் மொழி தானாக வழிவிடும், பாதிச் சொற்கள் வேறு ஆங்கில எழுத்தில் உள்ள தமிழ்தான். தமிழில் அடிப்படைக்குப் பக்தவத்சல பாரதியின் பண்பாட்டு மானிடவியல் போதும். இந்தியக் கலைச்சொல்லும் எங்கள் கையேட்டுச் சொல்லும் சில இடத்தில் மாறும், அவர் 'மானிடவியல்' என்றும் வேறு சிலர் 'மானுடவியல்' என்றும் எழுதுவார்கள், பொருள் ஒன்றுதான். வீ.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. அது மானிடவியல் நூல் அல்ல, ஆனால் விவரக் களஞ்சியம். 'நூலகம்' என்ற இலவச மின்னூலகத்தில் எங்கள் பக்கத்துப் பழைய நூல்கள் நிறைய உண்டு, அங்கே தேடிப் பாருங்கள்.

ஒப்படைத் தலைப்பைச் சிறிதாக வையுங்கள். 'மட்டக்களப்புத் தமிழர் பண்பாடு' என்று எடுத்தால் எல்லாரும் எழுதியதைத்தான் எழுதுவீர்கள். 'ஒரு வளவின் மூன்று தலைமுறை: வீடு யாருக்குப் போனது' என்று எடுங்கள். படம் ஒரு பக்கம், அம்மம்மாவோடும் ஒரு சின்னம்மாவோடும் வெளியிலிருந்து வந்த ஒரு மருமகனோடும் கதைத்தது நாலு பக்கம். மருமகனை விட்டுவிடாதீர்கள். அந்த வளவை வெளியாளாகப் பார்த்தவர் அவர், பெண்கள் சொல்லாததை அவர் சொல்வார். உறுதிக் காகிதம் காட்டினால் எந்த ஆண்டில் எந்த மகளின் பெயருக்கு மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள், அம்மம்மா சொல்வதும் உறுதியில் உள்ளதும் பொருந்தாத இடத்தில் மட்டும் இன்னொரு தடவை போய்க் கேளுங்கள்.